குப்பத்துக் கழிவுநீருக்கு எது சரிப்படும்: லாரியா, பாதாளச் சாக்கடையா, நாணல் படுகையா?

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிற மணல்திட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். சுமார் 400 வீடுகள், 1,800 பேர். வருகிற கிராம சபையில் கழிவுநீருக்கு ஒரு வழியைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் இதைப் பேச உட்கார்ந்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இளவட்டங்களுக்குப் பாதாளச் சாக்கடைதான் வேண்டும். பெரியவர்கள் "லாரி வந்து எடுத்துட்டுப் போகுதே, போதாதா?" என்கிறார்கள். புதுச்சேரி ஓட்டலில் வேலை பார்க்கும் ஒருவர், அங்கே இருப்பதுபோல் ஒரு மிஷினை வாங்கி வைத்துவிடலாம் என்கிறார்.

இந்தப் பக்கத்துக் குப்பங்களில் வீடு கட்டும் வேலையை மேற்பார்வை பார்ப்பவன் நான். டேங்க் தோண்டும்போது மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். அதை வைத்து ஒவ்வொரு யோசனையையும் இங்கே எடை போடுகிறேன். ஐப்பசியில் நிலத்தடி நீர் ஏறும்போதும், புயலில் கரண்ட் போகும்போதும், ரிப்பன் வெட்டியவர்கள் மூன்றாம் வருடம் எட்டிப் பார்க்காதபோதும் எது ஓடும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

மண்ணுக்குக் கீழே

இங்கே குழி தோண்டக் கடப்பாரை தேவையில்லை, மண்வெட்டி போதும். முதலில் வெள்ளை மணல், உலர்ந்து சரியும். முழங்கால் ஆழத்தில் நிறம் கறுக்கும், ஈரம் தட்டும். அப்புறம் கிளிஞ்சல் துண்டுகள். சித்திரையில் நாலைந்து அடிக்குள் ஊற்று வந்துவிடும். கார்த்திகையில் ஒன்றரை அடியிலேயே தண்ணீர் நிற்கும். ஊற்று வந்ததும் பக்கவாட்டு மணல் சரிய ஆரம்பிக்கிறது. கொத்தனார் அவசர அவசரமாக சிமென்ட் உறைகளை இறக்குகிறார். நாலைந்து உறை, மேலே ஒரு மூடி. அடித்தளம் கிடையாது. இதைத்தான் ஊரில் எல்லோரும் செப்டிக் டேங்க் என்கிறோம்.

முறையான செப்டிக் டேங்க் வேறு. தரை பூசி அடைத்திருக்கும். உள்ளே இரண்டு அறை இருக்கும். கசடு அடியில் தங்கி, தெளிந்த நீர் மட்டும் மறுமுனைக் குழாய் வழியாக வெளியேறும். ஐந்து பேர் குடும்பத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்கிற அளவு பெரிதல்ல: ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம். பணம் இல்லாததால் மட்டும் இதை யாரும் கட்டாமல் விடவில்லை. அடி திறந்த உறைக்குழி சீக்கிரம் நிரம்பாது, லாரிக்கும் செலவில்லை என்பது பெரிய காரணம். நிரம்பாத அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால்தான் சங்கடம்.

மணல்திட்டின் அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே அது ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மழை பெய்து மணல் உறிஞ்சிய தண்ணீர்தான் அது, வேறு வரவு இல்லை. குடிக்கக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டாலும் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எங்களுக்கு அடிபம்பும் போரும்தான். உறைக்குழியின் தண்ணீரும் அடிபம்பின் தண்ணீரும் ஒரே மணலில் ஒன்றாகக் கிடக்கின்றன. கழிவுநீரால் ஏறுகிற நைட்ரேட் கண்ணுக்கும் தெரியாது, நாக்கிலும் படாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது தர அளவு. கைக்குழந்தைகளுக்குத்தான் அதிகம் ஆபத்து.

ஆகவே எந்த யோசனை வந்தாலும் முதல் கேள்வி, இது மணலுக்குள் கழிவை இறக்குவதைக் குறைக்குமா என்பதே.

இரண்டாவது கேள்வி அளவு பற்றியது. ஆளுக்கு நாளைக்கு 70 லிட்டர் புழக்கம் என்று வையுங்கள். 1,800 பேருக்கு 1,26,000 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். இதில் கழிவறைத் தண்ணீர் கால்பங்குகூட வராது. மிச்சம் குளியல், துணி, பாத்திரம், மீன் அலசிய தண்ணீர். லாரி, டேங்க் என்று நாம் பேசுவதெல்லாம் அந்தக் கால்பங்கைப் பற்றித்தான். முக்கால்பங்கு தெருவோர வாய்க்காலில் செதிலும் நைலான் வலைத் துணுக்குமாக உப்பனாற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியே விட்டால்

"கடல் எவ்வளவு பெரிசு, நம்ம தண்ணி என்ன பண்ணிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நீரோட்டம் தெரிந்த ஊரில் இப்படிக் கேட்பது வேடிக்கைதான். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோர ஓட்டம் வடக்கே இழுக்கிறது, வாடைக் காலத்தில் தெற்கே தள்ளுகிறது. கரையோரம் விட்ட கழிவு கரையோரமாகவே அடுத்த குப்பத்துக்குப் போகும், அடுத்த பருவத்தில் அவர்களுடையது நமக்கு வரும். உப்பனாற்றில் விட்டால் இன்னும் மோசம். முகத்துவாரம் மணல் மேடிட்டு ஓட்டம் குறையும் மாதங்களில் கழிவு அங்கேயே சுற்றும். மட்டியும் ஆளியும் தண்ணீரை வடிகட்டித் தின்பவை, கழிவின் கிருமிகளை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அவற்றைப் பொறுக்கி விற்பது நம் வீட்டுப் பெண்கள்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது, 2011-லும் 2019-லும் புதுப்பிக்கப்பட்டது. சுத்திகரிக்காத கழிவைக் கடலோரத்தில் விடுவதை அது தடுக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் உப்பனாற்றில் கழிவு விடுகின்றன என்று நாற்பது வருடமாகப் புகார் கொடுத்து வருகிறோம். அதே ஆற்றுக்கு நம் வாய்க்காலும் போகிறது என்று அடுத்த விசாரணையில் யாராவது படம் எடுத்து நீட்டினால் என்ன சொல்வோம்?

இரட்டைக் குழி

அரசு விளம்பரங்களில் அதிகம் வருவது இரட்டைக் குழிக் கழிவறை. ஒரு குழி நிரம்பியதும் மற்றதுக்குத் திருப்பிவிட வேண்டும். நிரம்பியது இரண்டு வருடம் மூடிக் கிடந்தால் மக்கி உரமாகும், கையால் மலம் அள்ளும் வேலையே இல்லை. மேட்டுப்பாங்கான ஊர்களுக்கு இதைவிட மலிவான நல்ல ஏற்பாடு கிடையாது.

நமக்கு ஆகாது. குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் இடைவெளி இருப்பது நல்லது என்கிறது வழிகாட்டி. இல்லாவிட்டால் கிணறு, அடிபம்பிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பருமணலாக இருந்தால் அடியை அடைத்துச் சுற்றிலும் நைஸ் மணல் கவசம் போட வேண்டும். சுனாமிக்குப் பிறகு கட்டிய தொகுப்பு வீடுகளில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டு அடிபம்புக்கும் பத்தடி இருந்தாலே அதிசயம். இந்த யோசனையை இத்தோடு விடலாம்.

சாம்பல் தூவிப் பயன்படுத்தும் உலர் கழிவறை, அதாவது ஈகோசான், முசிறியில் நடைமுறைக்கு வந்து பேர் வாங்கியது. சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்துத் தரைக்கு மேலேயே சேர்ப்பதால் நிலத்தடி நீருக்குத் தொந்தரவு இல்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் எங்கள் மண்ணுக்கு இதுதான் அச்சாகப் பொருந்தும். ஆனால் டைல்ஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றும் கழிவறைக்குப் பழகிய வீட்டில் போய், இனி மூன்று துளை உள்ள பீங்கான், ஒவ்வொரு தடவையும் சாம்பல் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். அதோடு குளியல் தண்ணீர்ப் பிரச்சினை அப்படியே கிடக்கும். மீன் இறங்குதளத்துப் பொதுக் கழிவறைக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

டேங்கும் லாரியும்

லாரியை நான் ஒதுக்கவில்லை. எந்த வழிக்குப் போனாலும் லாரி வேண்டும், காரணம் பின்னால் வரும். லாரி மட்டும் போதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 400 டேங்கையும் அடைத்துக் கட்டி, மூன்று வருடத்துக்கு ஒரு முறை கசடு எடுப்பதாக வைத்தால் சராசரியாக மாதத்துக்குப் பதினோரு நடை. இது ஒரு லாரிக்குச் சுலபமான வேலை. ஊரே சேர்ந்து ஒப்பந்தம் போட்டால் விலையும் குறையும். இன்றைக்கு நடப்பது வேறு. பேசினில் தண்ணீர் இறங்காமல் நிற்கும் நாளில்தான் லாரிக்குப் போன் போகிறது. அந்த நாள் பெரும்பாலும் கார்த்திகை மாதத்தில் வருகிறது. அப்போது டேங்க் நிரம்பியிருப்பது கசடால் அல்ல, வெளியே இருந்து ஊறிய நிலத்தடி நீரால். லாரி உறிஞ்ச உறிஞ்ச மணலிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். காசு கொடுத்து நிலத்தடி நீரை ஏற்றி அனுப்புகிறோம்.

அடைத்துக் கட்டிய டேங்காக இருந்தால் மழைக்காலத்தில் காலி செய்வது அதைவிட ஆபத்து. நாலாயிரம் லிட்டர் டேங்க் முழுக்க நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது காலி செய்தால், அதை மேலே தள்ளும் விசை நாலு டன். சின்டெக்ஸ் மாதிரி பிளாஸ்டிக் டேங்க்கைப் புதைத்தவர்கள் வீட்டில் அது மூடியோடு கிளம்பி மேலே வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். குழாய் ஒடிந்து முற்றமெல்லாம் கழிவு. ஆகவே கசடு எடுப்பது பங்குனியிலிருந்து ஆனிக்குள் முடிய வேண்டும், தெருவாரியாக, டேங்க் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும்.

அப்புறம், லாரி எங்கே கொட்டுகிறது என்ற கேள்வி. தமிழ்நாட்டில் கசடு கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டுதல் 2014-இல் வந்தது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-இல் லாரிக் கசடுக்கென்றே தனியாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள், அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பல வந்துவிட்டன. ஒப்பந்தத்தில் எந்த நிலையத்தில் கொட்டுவது என்று எழுதி, ஒவ்வொரு நடைக்கும் அங்கே வாங்கிய ரசீதைக் காட்டினால்தான் பணம் என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியில் ஏதோ ஒரு பாலத்தடியில் வால்வைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடியில் இறுகியதைச் சுரண்ட "ஒரு ஆளை இறக்கிடலாம் அண்ணே" என்று லாரிக்காரர் சொன்னால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் சுத்தமான நீராகாது. நல்ல செப்டிக் டேங்க்கூடக் கழிவின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைக்கும். குளியல் தண்ணீரை அது தொடவே இல்லை.

பாதாளச் சாக்கடை

மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு போன்ற இடங்களில் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. பெரிய சுத்திகரிப்பு நிலையத்தின் திறனை நம்மால் ஊரளவில் கொண்டுவர முடியாது. புதுச்சேரியில் லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளைக்கு 1.7 கோடி லிட்டர் அளவுக்குக் கட்டப்பட்டவை. நம் ஊரைப்போல் 170 மடங்கு. பொறியாளர், ஆய்வகம், மாற்று மோட்டார் எல்லாம் அங்கே கட்டுப்படியாகும்.

சிக்கல் அங்கே போய்ச் சேர்வதில் இருக்கிறது. சாக்கடைக் குழாய் சரிவில் ஓட வேண்டும். தண்ணீர் குறைவாக ஓடும் ஆரம்பத் தெருக்களில் ஆயிரம் மீட்டருக்கு ஆறு மீட்டர் சரிவு தேவை, இல்லாவிட்டால் கசடு படியும். எங்கள் ஊர் நீளம் அறுநூறு மீட்டர் இருக்கும், தரையோ சமதளம். ஆக ஒரு முனையில் மூன்றடியில் பதித்த குழாய் மறுமுனையில் பதினைந்தடிக்குப் போய்விடும். சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் மணலில் பதினைந்தடிப் பள்ளம்! ஓயாமல் நீரை இறைத்து, இரும்புத் தகடு இறக்கிச் சுவரைத் தாங்கித்தான் தோண்ட முடியும். பதித்த பிறகும் ஒவ்வொரு மூட்டிலும் தண்ணீர் உள்ளே கசியும். நம் கழிவோடு சேர்த்து நிலத்தடி நீரையும் மோட்டார் வைத்து ஊருக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடைக்கான கையேடு ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர் வருவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. கிராமத்துக் குழாய் இணைப்புத் திட்டத்தின் அளவு 55 லிட்டர். தண்ணீர் போதாத குழாயில் கழிவு தேங்கும், தேங்கினால் விஷவாயு. 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் சாக்கடை வாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்து மூன்று பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே வாயுவைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் நீர்ப்பொறி அறையும், வாயு வெளியேற உயரமான குழாயும் இல்லாமல் எந்த இணைப்பும் கொடுக்கக் கூடாது. இது பாதாளச் சாக்கடைக்கு மட்டுமில்லை, கீழே நான் சொல்லப்போகும் குழாய்க்கும் சேர்த்துத்தான்.

மிஷின்

ஓட்டல்களிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கும் சிறு சுத்திகரிப்பு இயந்திரத்தின் கவர்ச்சி இடம்தான். நாலைந்து சென்ட் போதும். தண்ணீரும் கண்ணாடி மாதிரி வெளியே வரும், ஓடுகிற வரைக்கும். காற்றை ஊதி ஊதி நுண்ணுயிர்களுக்குக் கொடுத்து, அவை கழிவைத் தின்னும்படி செய்வதுதான் அதன் வேலை. ஊதல் நின்றால் நுண்ணுயிர் மூச்சடைத்துச் சாகும். மறுபடி அவை பெருகி வேலைக்கு வர வாரக்கணக்காகும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த பிறகு எத்தனை ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம். ஜெனரேட்டர் வைக்கலாம், டீசலுக்கு யார் கொடுப்பது?

புயல் இல்லாத மாதத்துக்கே கணக்குப் போடுவோம். சிறிய இயந்திரம் ஆயிரம் லிட்டருக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் இழுக்கும். 0.8 என்று வைத்தால் நாளைக்கு 80, மாதத்துக்கு 2,400 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் 19,200 ரூபாய். இயந்திரம் தெரிந்த ஆப்பரேட்டர் சம்பளம் தனி, உப்புக் காற்றில் பொரிந்துபோகும் மோட்டார், பேனல் மாற்றுவது தனி. தெருவிளக்கு பில்லுக்கே இழுபறியாகும் பஞ்சாயத்தில் இது நடக்கிற காரியமில்லை. ஓட்டலுக்குச் சரி, அறை வாடகையில் ஏற்றிவிடுவார்கள்.

குளம் குளமாக வெட்டி வெயிலிலும் பாசியிலும் சுத்தமாக்கும் முறை நம் வெயிலுக்கு அருமையானது, கரண்டும் வேண்டாம். ஆனால் எல்லாக் குளமும் சேர்த்து ஒரு ஏக்கருக்குக் குறையாது, மழைக்காலத்தில் ஆறும் குளமும் ஒன்றாகிவிடும். கொசுவைச் சொல்லவே வேண்டாம்.

சின்னக் குழாயும் நாணல் படுகையும்

மிச்சம் இருப்பது இது. வீட்டு டேங்குகளை அடைத்துக் கட்டுவது. கசடு டேங்கிலேயே தங்கட்டும். தெளிந்த நீரையும் குளியல், சமையலறைத் தண்ணீரையும் மட்டும் நாலு இஞ்ச் பி.வி.சி. குழாயில் இரண்டு மூன்று அடி ஆழத்தில் கொண்டுபோவது. கசடு இல்லாததால் செங்குத்தான சரிவு தேவையில்லை, சின்ன ஏற்ற இறக்கத்தையும் குழாய் தாங்கும். மேன்ஹோலில் ஆள் இறங்கும் வேலை கிடையாது. கடைசியில் ஒரு தொட்டியிலிருந்து சின்ன மோட்டார் மேட்டுக்கு ஏற்றும். கரண்ட் இல்லாத நாளிலும் வீட்டு டேங்குகளில் சில மணி நேரத்துக்கு இடம் இருக்கும். அதற்கு மேல் போனால் கைவசம் ஒரு டீசல் பம்ப் போதும். மோட்டார் நின்றதால் சுத்திகரிப்புச் செத்துப்போகாது.

சுத்திகரிப்பு இரண்டு கட்டம். முதலாவது தடுப்புச்சுவர்த் தொட்டி. நீளமான தொட்டியை ஐந்தாறு அறையாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் குழாய் வழியாக அடிக்கு இறங்கி, அங்கே படிந்த கசடுப் படுகையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி, அடுத்த அறைக்கு வழியும். அந்தக் கசடில் குடியிருக்கும் காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் தண்ணீர் கடந்து போகும்போது அழுக்கைத் தின்கின்றன. புதிதாகத் தொடங்கும்போது பழைய டேங்கின் கசடோ சாணிக் கரைசலோ விட்டுச் சில மாதம் பொறுக்க வேண்டும். முதல் மாதத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திட்டம் தோற்றது என்று சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது, ஜல்லிப் படுகை. இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி, அதன் மேல் சம்பு, நாணல், கல்வாழை. தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே ஓடும், மேலே தெரியாது, ஆகவே கொசு முட்டையிட இடமில்லை. வேர்களைச் சுற்றிக் காற்று சேர்கிறது, தொட்டியில் தப்பிய அழுக்கும் வாடையும் இங்கே குறைகின்றன. தவளக்குப்பத்தில் கடலூர் சாலையில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் நாளைக்குச் சுமார் மூன்று லட்சம் லிட்டர் அளவில் இந்த முறையில்தான் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். நம் தேவையைப்போல் மூன்று மடங்கு. ஆரோவில்லிலும் பல இடங்களில் உண்டு, ஆனால் அது மேட்டுச் செம்மண், நீர்மட்டம் எங்கோ கீழே. வடிவமைப்பை அங்கிருந்து அப்படியே எடுத்துவரக் கூடாது. இங்கே தொட்டியைத் தரைக்கு மேலே தூக்கிக் கட்டி, மிதக்காதபடி கான்கிரீட் பாரம் கொடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இடம் முதலாவது. ஆயிரம் லிட்டருக்குப் படுகை முப்பது சதுர மீட்டர், தொட்டிகள் ஒன்றரை. முழு ஊருக்கும் 3,150 சதுர மீட்டர், அதாவது 78 சென்ட். தென்னந்தோப்புக்கும் உப்பங்கழிக்கும் நடுவே உள்ள புறம்போக்கு, 2015 வெள்ளத்தில் முழுகாத மேட்டுப் பகுதி மட்டும், நாற்பது சென்ட் தேறும். கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் வாங்க வேண்டும். இரண்டாவது, கிருமி முழுக்கச் சாகாது. தென்னைக்கும் சவுக்குக்கும் விடலாம், கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. கழிவு நீரின் பி.ஓ.டி., அதாவது அதில் மிச்சமிருக்கும் மக்கும் அழுக்கைக் காட்டும் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் வர வேண்டும் என்ற மத்திய அரசின் 2017 அறிவிக்கையின் வரம்பை நன்றாகப் பராமரித்த படுகை எட்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்ன 10 என்ற அளவை எட்டாது. அதனால் ஆற்றில் விடாமல் தோப்புக்கு விடுவதாகவே திட்டத்தை எழுத வேண்டும். மணலுக்குள் நல்ல தண்ணீர் திரும்பப் போவது நமக்கும் லாபம். மூன்றாவது, சில வருடத்தில் படுகையின் முன்பகுதி ஜல்லி அடைத்துக்கொள்ளும், அள்ளிக் கழுவிப் போட வேண்டும். வீட்டு டேங்கில் கசடு எடுக்காவிட்டால் அது குழாய்க்கு வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். லாரி எப்படியும் வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

என் தேர்வு

நாற்பது சென்ட்டில் ஐம்பதாயிரம் லிட்டர்தான் சுத்திகரிக்கலாம், அதாவது பாதி ஊர். ஆற்றோரமாக இருக்கும் மேலத்தெருக்களுக்குக் குழாயும் படுகையும் முதலில் போட வேண்டும். அங்கேதான் வீடுகள் நெருக்கம், வாய்க்கால் நேராக ஆற்றில் விழுகிறது. கடலோரக் கீழத்தெருக்களில் மனை கொஞ்சம் தாராளம். அங்கே டேங்கை அடைத்துக் கட்டி, தரைக்கு மேலே தூக்கிய மணல் மேடையில் டேங்க் நீரை இறக்கி, குளியல் தண்ணீரை வாழைக்கு விட்டால் சில வருடம் தள்ளலாம். ஊரில் இதைக் கேட்டதும் "அவங்களுக்குக் குழாய், எங்களுக்கு வாழை மரமா?" என்று சண்டை வரும். வரட்டும். ஆளுக்குப் பாதி என்று இடத்தையும் பணத்தையும் பிரித்து இரண்டையும் அரைகுறையாகக் கட்டுவதைவிட அந்தச் சண்டை மேல்.

மீன் அலசுகிற தண்ணீர் தனி விஷயம். உப்பும் ரத்தமும் எண்ணெயும் உள்ள அதை நேராகக் குழாயில் விட்டால் படுகை தாங்காது. இறங்குதளத்தில் செதில் பிடிக்கும் வலைத்தடுப்பும் எண்ணெய்த் தொட்டியும் கட்டித்தான் இணைக்க வேண்டும். வாசலில் மீன் ஆயும் அக்காக்களுக்கும் ஒரு பொது மேடை கட்டித் தந்தால் வாய்க்காலில் பாதி அடைப்பு நின்றுவிடும்.

பணத்துக்கு வருவோம். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் 5,000 பேருக்குட்பட்ட ஊருக்குச் சாம்பல்நீர், அதாவது குளியல், சமையலறைத் தண்ணீர், மேலாண்மைக்குத் தலைக்கு 280 ரூபாய் என்று வைத்தார்கள். நமக்கு 5,04,000 ரூபாய். ஜல்லிக்கும் கட்டுமானத்துக்குமே இது காணாது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைத்தது, அந்த மாதிரி நிதியும் சிப்காட் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் சேர்ந்தால்தான் ஆகும். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கட்டும் பணம் எப்படியாவது வரும். மாதாமாதம் கொடுக்கும் பணம்தான் வராது. நான் நாணல் படுகையைப் பற்றி எடுத்துச் சொன்னபோது மீன் விற்கும் ஒரு அம்மா கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, நாத்தம் வந்தா யாரு வந்து பாப்பா?" இதற்கு மட்டும் பதிலை எழுதி வைத்துவிட்டு மற்றதை எல்லாம் பேசலாம். புல் வெட்ட, வலைத்தடுப்பு கழுவ, மோட்டார் பார்க்க ஊரிலேயே ஒருவர், மாதம் 12,000 ரூபாய் என்று வைத்தால் 400 வீட்டுக்கு வீட்டுக்கு 30 ரூபாய். கசடு எடுக்கும் செலவுக்கு மாதம் 70 ரூபாய் சேர்த்தால் மூன்று வருடத்தில் 2,520, ஒரு நடை லாரிக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆக வீட்டுக்கு நூறு. மீன்பிடித் தடைக்கால மாதங்களில் வசூலிக்காமல் மற்ற மாதங்களில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், கோயில் வரி அப்படித்தானே வசூலாகிறது. டெண்டர் விடும் முன்பே வங்கிக் கணக்கு தொடங்கி ஆறு மாதம் வசூலித்துப் பார்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் குழாய் பதிக்க வேண்டாம், டேங்குகளை அடைப்பதோடும் ஒழுங்கான லாரியோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

அளவெடுப்பது ஐப்பசி, கார்த்திகையில் நடக்க வேண்டும். தெருவுக்கு ஒரு குழி தோண்டி நீர்மட்டத்தைக் குச்சியில் குறித்து, பக்கத்து அடிபம்புத் தண்ணீரில் நைட்ரேட்டும் சோதித்து, அந்த எண்களைத் தீர்மானத்தோடு இணைக்கலாம். சித்திரை அளவை வைத்து யாராவது வரைபடம் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம்.